பிஸ்டனுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

அம்பாலா அரியானா மாநிலத்தில் உள்ள ஊர். தில்லியிலிருந்து பஞ்சாபுக்குப் போகும் பெரிய சாலை இந்த ஊர் வழியாகப் போகிறது. பள்ளிக்கூடங்களுக்கு வேண்டிய அறிவியல் கருவிகள் செய்யும் தொழிலுக்கு இந்த ஊர் பெயர் பெற்றது.

அந்தச் சாலை ஓரத்தில் ஒரு கார் பட்டறை. ஜனவரி மாதம். நல்ல குளிர். காலையில் ஒரு மாருதி ஆம்னி வேன் வந்து நின்றது. பின்னால் நீல நிறப் புகை.

வேன்காரர் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்பவர். இறங்கியதும் சொன்னார்:

"உஸ்தாத்ஜி, வாரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. மேடு ஏற முடியவில்லை. ரிங் மட்டும் மாற்றிக் கொடுங்கள். விடுமுறை முடிவதற்குள் வண்டி வேண்டும்."

உஸ்தாத் என்றால் ஆசிரியர், தொழில் தெரிந்தவர் என்று பொருள். வடக்கே பட்டறை மேஸ்திரியை அப்படித்தான் அழைப்பார்கள். அவரிடம் வேலை செய்பவரைச் 'சோட்டூ' என்பார்கள். சின்னப் பையன் என்று அர்த்தம். இந்தப் பட்டறையின் சோட்டூவுக்கு வயது நாற்பத்து மூன்று! பன்னிரண்டு வயதில் வந்தவர். தலை நரைத்த பிறகும் அவர் சோட்டூதான்.

சோட்டூவுக்குக் கைவேலை நன்றாகத் தெரியும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். ஆனால் எழுத்தும் எண்ணும் தெரியாது. அளவு எடுக்கும் வேலை வந்தால் விலகி நிற்பார். இரண்டு ஆண்டுகளாக மாலை வகுப்புக்குப் போனார். இப்போது படிக்கிறார், எழுதுகிறார். புள்ளி வைத்த எண்களும் தெரியும்.

உஸ்தாத் புகையைப் பார்த்தார். "நீலப் புகை. ஆயில் எரிகிறது. எஞ்சினைப் பிரித்து அளந்து பார்த்த பிறகுதான் எதை மாற்றுவது என்று சொல்ல முடியும்" என்றார்.

வேன்காரரின் முகம் சுருங்கியது. பிரித்தால் செலவு கூடும் என்று அவருக்குத் தெரியும்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

ஆம்னி வேனிலும் மாருதி 800 காரிலும் இருந்தது ஒரே குடும்ப எஞ்சின். மாருதி 800 கார் 1983 முதல் 2014 வரை தயாரானது. ஆம்னி 2019-இல் நின்றது. பழைய வண்டிகள் இன்னும் பல ஊர்களில் ஓடுகின்றன.

இந்த எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். சிலிண்டர் என்பது இரும்பில் குடைந்த வட்டமான குழி. அதன் குறுக்களவு 68.5 மில்லிமீட்டர். இதைப் போர் என்பார்கள். அந்தக் குழிக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. ஒரு முறை அது நகரும் தூரம் 72 மில்லிமீட்டர்.

பிஸ்டனை மாவு உரலின் உலக்கை என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு வேறுபாடு உண்டு. உலக்கையை மேலிருந்து கை பிடித்துக் குத்துகிறது. இங்கே மேலே பெட்ரோல் வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனுக்கு அடியில் ஓர் எஃகுக் கை இருக்கிறது. அதுதான் கனெக்டிங் ராடு. அதன் சின்ன முனை பிஸ்டனோடு ஒரு பின்னால் கோக்கப்பட்டிருக்கும். பெரிய முனை கிராங்க் ஷாஃப்டைப் பிடித்திருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போக, ராடு தள்ள, கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. சைக்கிள் மிதிப்பவரின் தொடை மேலும் கீழும் போகிறது. பெடல் வட்டமாகச் சுற்றுகிறது. நடுவில், முழங்காலுக்குக் கீழே இருக்கும் கால்தான் கனெக்டிங் ராடு.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் இரண்டு முறை நின்று திரும்புகிறது. அப்படியென்றால் ஒரு நொடியில் 100 முறை நிற்கிறது, 100 முறை கிளம்புகிறது! இந்தப் பாடு படும் பொருளுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

இடம் இல்லாவிட்டால் என்ன? சூடானதும் பிஸ்டன் பெருக்கும். இரும்பும் பெருக்கும். ஆனால் பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெருக்கும். அதுவும் தீக்கு அருகே இருப்பது பிஸ்டன்தான். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. பிஸ்டனுக்கு அந்த வசதி இல்லை. இடம் போதாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இதைத்தான் எஞ்சின் 'சீஸ்' ஆகிவிட்டது என்கிறார்கள். ஓடும் வண்டி சாலை நடுவில் நின்றுவிடும்.

இடம் அதிகமானால்? பிஸ்டன் ஆடும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 'டக் டக்' என்று தட்டும். ஆயில் மேலே ஏறி எரியும். எரிந்த வாயு கீழே கசியும். வண்டி இழுக்காது.

ரூபாயும் காசும்

பட்டறையில் அளவு சொல்லும்போது "0.04" என்பார்கள். இது எவ்வளவு?

ஒரு சென்டிமீட்டரில் பத்து மில்லிமீட்டர். ஸ்கேலில் தெரியும் சின்னக் கோடுகள் மில்லிமீட்டர்கள். ஒரு மில்லிமீட்டரை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு எண்களும் காசுகள். 68.50 என்றால் 68 ரூபாய் 50 காசு. 0.04 என்றால் நான்கு காசு. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டு அதில் நான்கு பங்கு.

தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய ஏழு காசு. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதாவது பிஸ்டனுக்கு விடும் இடம் ஒரு தலைமுடியை விடக் குறைவு.

நம்ப முடியவில்லையா? ஒரு நூறு தாள் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். அட்டையை விட்டு, தாள்களை மட்டும் அழுத்திப் பிடித்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். எட்டு மில்லிமீட்டர் வந்தால் ஒரு தாளின் தடிப்பு எட்டு காசு. அதில் பாதி நான்கு காசு.

பழைய மேஸ்திரிகள் 'தௌ' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அம்பாசடர் கார் காலத்துக் கணக்கு. ஒரு தௌ இரண்டரைக் காசுக்குச் சமம். 'பத்து தௌ' என்றால் 0.25 மில்லிமீட்டர். 'இருபது தௌ' என்றால் 0.50. இந்தியாவில் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. பட்டறைப் பேச்சில் தௌ இன்னும் போகவில்லை. இரண்டு கணக்கையும் கலந்தால் ஆபத்து. காகிதத்தில் எழுதும்போது எந்தக் கணக்கு என்றும் எழுத வேண்டும்.

பதினெட்டு அளவுகள்

எஞ்சின் பிரிக்கப்பட்டது. சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழே விரல் வைத்தால் ஒரு படி தட்டுப்பட்டது. ரிங் உரசும் இடம் தேய்ந்து, உரசாத இடம் தேயாமல் நிற்பதால் வரும் படி அது.

ஒரு சிலிண்டரில் ஒரே ஓர் அளவு எடுத்தால் போதாது. மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசைகளில் எடுக்க வேண்டும். ஒன்று கிராங்க் ஷாஃப்ட் போகும் திசை. மற்றொன்று அதற்குக் குறுக்கே. மூன்று சிலிண்டருக்கு மொத்தம் பதினெட்டு அளவுகள். இதற்கு டயல் வைத்த போர் கேஜ் வேண்டும். முதலில் மைக்ரோமீட்டரில் வைத்துக் கேஜைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

உஸ்தாத் அளந்து சொன்னார். சோட்டூ எழுதிக்கொண்டார். இரண்டாம் சிலிண்டரின் கணக்கு இது:

மேலே, குறுக்கே: 68.68
மேலே, நேரே: 68.60
நடுவே, குறுக்கே: 68.58
நடுவே, நேரே: 68.55
கீழே, குறுக்கே: 68.53
கீழே, நேரே: 68.52

புதிதில் எல்லா இடத்திலும் 68.50 இருந்திருக்கும். இப்போது மேலே குறுக்கே பதினெட்டுக் காசு தேய்ந்திருக்கிறது. கீழே இரண்டு மூன்று காசுதான். ஏன் மேலே அதிகம்? வெடிப்பின் அழுத்தம் மேலேதான் அதிகம். ஆயில் மேலேதான் குறைவு. ஏன் குறுக்கே அதிகம்? ராடு சாய்வாக நின்று தள்ளுவதால் பிஸ்டன் பக்கச் சுவரில் சாய்கிறது. அந்தப் பக்கம் தேய்கிறது.

குழி இப்போது வட்டமாகவும் இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாகவும் இல்லை. மேலே முட்டை வடிவம். மொத்தத்தில் புனல் போல.

"ரிங் மட்டும் மாற்றினால் ஆகாதா?" என்று வேன்காரர் மறுபடி கேட்டார்.

பலரும் கேட்கும் கேள்வி இது. பதிலை வாயால் சொன்னால் நம்பிக்கை வராது. கணக்கால் சொன்னால் வரும். ரிங் என்பது ஓர் இடத்தில் வெட்டிவிட்ட வளையம். புதிய ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்தால் அதன் இரண்டு நுனிகளுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். சின்னக் கார்களில் ஏறக்குறைய 0.20 முதல் 0.35 வரை விடுவது வழக்கம். நுனிகளுக்கு இடைவெளியே இல்லாவிட்டால், சூட்டில் அவை ஒன்றோடொன்று முட்டி ரிங் உடையும்.

வட்டத்தின் சுற்றளவு குறுக்களவைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். எனவே குழி பதினெட்டுக் காசு அகன்றால் ரிங் இடைவெளி மூன்று மடங்குக்கு மேல் அகலும். 0.18-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 0.57. தேயாத அளவில் 0.20 இருக்கும் இடைவெளி மேலே அகன்ற இடத்தில் 0.77 வரை போகலாம். பிஸ்டன் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ரிங் விரிந்து சுருங்க வேண்டும். புதிய ரிங் பழைய படியில் இடித்து உடைவதும் உண்டு. சில மாதம் புகை குறையும். பிறகு பழைய கதைதான்.

வேன்காரர் எண்களைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. "சரி, செய்யுங்கள்" என்றார்.

எந்த சைஸ்?

தேய்ந்த குழியைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து மறுபடி வட்டமாக்குவதுதான் ரீபோர். அதற்கேற்பப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் என்று கடையில் கிடைக்கும். இந்த எஞ்சினுக்கு 0.25, 0.50 என்று இரண்டு சைஸ்.

முதல் சைஸ் போட்டால் குழி 68.75 ஆகும். இரண்டாம் சிலிண்டர் ஏற்கெனவே 68.68 தேய்ந்திருக்கிறது. மீதி ஏழு காசு. அதுவும் தேய்மானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பழைய நடுமையத்தை விடாமல் குடைந்தால் ஒரு பக்கம் பள்ளம் அப்படியே நின்றுவிடலாம். குடைந்த பிறகு ஹோனிங் கல்லால் தேய்த்து முடிக்கவும் கொஞ்சம் உலோகம் வேண்டும்.

இரண்டாம் சைஸ் போட்டால் குழி 69.00. பள்ளம் முழுக்கப் போய்விடும். ஆனால் அடுத்த முறை தேய்ந்தால் குடைய இடமில்லை. ஸ்லீவ் அடிக்க வேண்டும், அல்லது வேறு பிளாக் தேட வேண்டும்.

உஸ்தாத் கொஞ்ச நேரம் யோசித்தார். 0.50 என்று முடிவு செய்தார். பள்ளத்தை வைத்துக்கொண்டு முடிக்கும் வேலையை அவர் வேலை என்று சொல்வதில்லை. மூன்று சிலிண்டருக்கும் ஒரே சைஸ்தான் போட வேண்டும். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் எடை மாறி எஞ்சின் அதிரும்.

முதலில் பிஸ்டன் வாங்க வேண்டும். பிறகுதான் குடைய வேண்டும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. "0.50 தானே, 69-க்குக் குடைந்துவிடு" என்று பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெட்டியில் எழுதியிருப்பது பெயர் மட்டுமே. உள்ளே இருக்கும் பிஸ்டனின் உண்மையான அளவை மைக்ரோமீட்டர்தான் சொல்லும்.

மைக்ரோமீட்டர் படிப்பது

பிஸ்டன் பெட்டி வந்தது. "இன்று நீ அள" என்று உஸ்தாத் மைக்ரோமீட்டரை நீட்டினார். முப்பது ஆண்டுகளில் முதல் முறை!

பிஸ்டன் பார்க்க வட்டம் போல இருக்கும். உண்மையில் வட்டம் கிடையாது. பின் போகும் திசையில் சற்று ஒடுக்கம். அதற்குக் குறுக்கே அகலம். தலைப்பக்கம் ஒடுக்கம், அடிப்பக்கம் அகலம். தலைதான் அதிகம் சூடாகும், அதிகம் பெருக்கும். பின் இருக்கும் பக்கத்தில் உலோகம் தடிப்பு, அங்கேயும் பெருக்கம் வேறு. சூடான பிறகு சரியாகப் பொருந்துவதற்காகவே குளிரில் இப்படிக் கோணலாகச் செய்கிறார்கள். ஆகவே பிஸ்டனை எங்கே பிடித்தாலும் அளக்கலாம் என்பது தவறு. பின்னுக்குக் குறுக்கே, அடிவிளிம்பிலிருந்து கையேடு சொல்லும் உயரத்தில் அளக்க வேண்டும்.

இந்த மைக்ரோமீட்டர் 50 முதல் 75 மில்லிமீட்டர் வரை அளப்பது. நடுத்தண்டில் கோடுகள் இருக்கும். மேல் கோடு முழு மில்லிமீட்டர். கீழ்க் கோடு அரை மில்லிமீட்டர். சுழலும் உறையில் 50 கோடுகள். ஒரு கோடு ஒரு காசு. உறை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அரை மில்லிமீட்டர், அதாவது ஐம்பது காசு.

சோட்டூ முதல் பிஸ்டனைப் பிடித்தார். தண்டில் 18 தெரிந்தது. உறையில் 46. ஐம்பதோடு பதினெட்டைக் கூட்டி, "68.46" என்றார்.

உஸ்தாத் சிரிக்கவில்லை. "68.46 என்றால் என்ன பிஸ்டன்?" என்று கேட்டார்.

சோட்டூ யோசித்தார். பழைய போர் 68.50. அதில் நான்கு காசு கழித்தால் 68.46. அது ஸ்டாண்டர்டு பிஸ்டன்! கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரா? பெட்டியைப் பார்த்தார். 0.50 என்றுதான் இருந்தது. மறுபடி மைக்ரோமீட்டரை வெளிச்சத்தில் பிடித்தார். 18-க்கு அப்பால் கீழே ஓர் அரைக்கோடு உறைக்கு வெளியே தெரிந்தது. அதை அவர் சேர்க்கவில்லை.

50, அதோடு 18, அதோடு 0.50, அதோடு 0.46. மொத்தம் 68.96.

அரைக்கோட்டை விடுவது பழகியவர்களுக்கும் வரும் பிழை. ஐம்பது காசு மாறிவிடும். அளவு கிடைத்ததும் "இது பொருந்துகிற எண்ணா?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் பிடிபட்டுவிடும்.

இரண்டாம் பிஸ்டனும் 68.96. மூன்றாவது 68.94. ஒரே பெட்டியில் இரண்டு காசு வேறுபாடு. இந்த வேலைக்கு உஸ்தாத் எடுத்துக்கொண்ட இடைவெளி 0.04. (எல்லா எஞ்சினுக்கும் இது பொருந்தாது. அந்தந்த வண்டியின் கையேடும் பிஸ்டன் பெட்டியும் சொல்வதுதான் அளவு.) சோட்டூ கூட்டல் போட்டார்:

1-ஆம் சிலிண்டர்: 68.96 + 0.04 = 69.00
2-ஆம் சிலிண்டர்: 68.96 + 0.04 = 69.00
3-ஆம் சிலிண்டர்: 68.94 + 0.04 = 68.98

பிஸ்டன்களின் மேல் 1, 2, 3 என்று மையால் எழுதினார். காகிதத்தையும் பிஸ்டன்களையும் பிளாக்கோடு லேத் பட்டறைக்கு அனுப்பினார்கள்.

இரண்டு காசு எங்கே போனது?

மறுநாள் மாலை பிளாக் திரும்பி வந்தது. லேத் பட்டறைக்காரர் மூன்று சிலிண்டரையும் அளந்து எழுதி அனுப்பியிருந்தார். 69.00, 69.00, 68.98. கேட்ட அளவே. பிஸ்டனை உள்ளே விட்டால் மூன்றும் மெல்ல இறங்கின. கைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வேன்காரர் அவசரப்பட்டார்.

"இன்று பூட்ட வேண்டாம். பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூன்றும் இன்றிரவு ஒரே அறையில் இருக்கட்டும்" என்றார் உஸ்தாத்.

காலையில் சோட்டூ அளந்தார். முதல் சிலிண்டர் 69.00. மூன்றாவது 68.98. இரண்டாவது 68.98!

மறுபடி அளந்தார். கேஜை மறுபடி சரிசெய்து மூன்றாம் முறையும் அளந்தார். 68.98 தான். பிஸ்டன் 68.96. இடைவெளி இரண்டே காசு. வேண்டியதில் பாதி.

"உஸ்தாத், இரண்டாவது தப்பு" என்றார். குரலில் தயக்கம் இருந்தது. லேத் பட்டறைக்காரர் பெரிய தொழிலாளி. இவர் சோட்டூ. உஸ்தாத் தானே அளந்து பார்த்தார். 68.98. தலையை ஆட்டினார்.

லேத் பட்டறைக்காரர் பொய் எழுதவில்லை. ஹோனிங் கல் உரசினால் இரும்பு சூடாகும். இரண்டாம் சிலிண்டரைக் கடைசியாகச் செய்திருக்கிறார். ஆறுவதற்கு முன்பே அளந்துவிட்டார். ஆற விட்டு அளந்த மற்ற இரண்டும் சரியாகவே வந்தன. 69 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரும்புக் குழி, 30 டிகிரி சூடேறினால் இரண்டு காசுக்குச் சற்று அதிகமாகப் பெருக்கும். சூட்டில் 69.00. அம்பாலாவின் ஜனவரிக் குளிரில் 68.98. அந்த இரண்டு காசு சூட்டோடு போய்விட்டது. துல்லியமான அளவுகளை 20 டிகிரி செல்சியஸில் சொல்ல வேண்டும் என்று உலக அளவில் விதி வைத்திருப்பது இதனால்தான். பட்டறையில் அந்த வசதி இல்லாவிட்டாலும், அளக்கும் கருவியும் அளக்கப்படும் பொருளும் ஒரே குளிரில் இருந்தால் போதும். சட்டைப் பையில் சூடாக வைத்திருந்த மைக்ரோமீட்டரை எடுத்து உடனே அளப்பதும் இதே தவறுதான்.

இரண்டாம் சிலிண்டரை மறுபடி ஹோனிங் செய்யச் சிறிது நேரமே ஆனது. ஆற விட்டு அளந்தார்கள். 69.00.

அப்படியே பூட்டியிருந்தால்? எஞ்சின் கிளம்பியிருக்கும். பட்டறை வாசலில் நன்றாகவே ஓடியிருக்கும். நீண்ட சாலையில் வேகம் பிடித்துச் சூடேறிய பிறகு கவ்வியிருக்கலாம். அப்போது வண்டிக்குள் குழந்தைகள் இருந்திருப்பார்கள்.

கனெக்டிங் ராடு

பிஸ்டனைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராடை மறந்துவிடுவார்கள். ராடு வளைந்திருந்தால் எவ்வளவு அருமையாகக் குடைந்தாலும் பிஸ்டன் சாய்ந்தே ஓடும். கண்ணுக்குத் தெரியாத வளைவும் தேய்மானத்தில் தெரியும். பழைய பிஸ்டனின் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் உரசியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். ராடை அதற்கான அலைனர் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வேனின் மூன்று ராடுகளும் நேராகவே இருந்தன.

ராடின் பெரிய முனை இரண்டு துண்டு. கீழ்த்துண்டுக்குக் கேப் என்று பெயர். இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே தொழிற்சாலையில் வட்டமாகக் குடைகிறார்கள். எனவே ஒரு ராடின் கேப் மற்றொன்றுக்குப் பொருந்தாது. திருப்பிப் போட்டாலும் பொருந்தாது. பிரிக்கும்போதே அடையாளம் வைக்க வேண்டும்.

பெரிய முனைக்குள் இரண்டு அரைவட்டத் தகடுகள் உண்டு. பேரிங் ஷெல் என்பார்கள். அதற்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவில் ஆயில் மட்டுமே இருக்க வேண்டும். ஆயிலுக்கு இடம் வேண்டும். சின்னக் கார்களில் இரண்டு முதல் ஐந்து காசு வரை. குறைந்தால் ஆயில் நுழையாது, பேரிங் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதிகமானால் ஆயில் வழிந்து ஓடிவிடும், அழுத்தம் குறையும், அடியிலிருந்து கனமான தட்டல் கேட்கும்.

இந்த இடைவெளியை அளக்க ஒரு மெழுகு நூல் கிடைக்கிறது. பிளாஸ்டிகேஜ் என்று பெயர். ஆயிலைத் துடைத்துவிட்டு, சிறு துண்டு நூலைக் கிராங்க் ஷாஃப்டின் மேல் வைக்க வேண்டும். கேப்பைப் பூட்டி, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கிராங்கைச் சுற்றவே கூடாது. பிறகு கழற்றினால் நூல் நசுங்கிப் பட்டையாகியிருக்கும். உறையில் அச்சிட்ட பட்டைகளோடு ஒப்பிட்டால் எண் கிடைக்கும். பட்டை அகலமாக இருந்தால் இடைவெளி குறைவு. ஒல்லியாக இருந்தால் இடைவெளி அதிகம். முதல் முறை பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவார்கள். சப்பாத்தி மாவை அதிகம் அழுத்தினால்தானே அகலமாகும்?

சோட்டூ மூன்றையும் பார்த்தார். 0.04, 0.04, 0.04. ராடின் பக்கவாட்டு ஆட்டத்தை ஃபீலர் தகடு விட்டுப் பார்த்தார். அது 0.15. வழக்கமான அளவுக்குள் இருந்தது.

ரிங்குகளை ஒவ்வொன்றாக அதனதன் சிலிண்டருக்குள் விட்டு, தலைகீழான பிஸ்டனால் நேராகத் தள்ளி, நுனி இடைவெளி பார்த்தார்கள். பிஸ்டனில் மாட்டும்போது நுனிகள் ஒரே வரிசையில் வராமல் திருப்பி வைத்தார்கள். பிஸ்டன் தலையில் இருந்த அம்புக்குறியைக் கையேட்டில் உள்ளபடி வைத்தார்கள். ஆயில் பூசிப் பூட்டினார்கள். ஒவ்வொரு பிஸ்டன் இறங்கிய பிறகும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தார்கள்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது எஞ்சின் கிளம்பியது. ஆயில் விளக்கு அணைந்தது. புகை இல்லை.

"முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். மேட்டில் இழுக்காதீர்கள். பிறகு வந்து ஆயில் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார் உஸ்தாத்.

சோட்டூ எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பிஸ்டன், போர், இடைவெளி, ரிங், பேரிங் என்று கோடு போட்டுப் பிரித்திருந்தார். அடியில் 'அளவு எடுத்தவர்' என்று ஒரு வரி. அதற்கு எதிரே ஒரு பெயர் இருந்தது.

வேன்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கள் பெயர் இதுவா? எத்தனை வருடமாக வருகிறேன், எனக்குத் தெரியாதே."